வாளியோடு நிற்கும் சீலா

தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே வாடை தொடங்கிவிட்டது. வடகடல் இரண்டு நாளாக இரைகிறது. வல்லங்கள் எல்லாம் மேட்டில் ஏறிக் கிடக்கின்றன. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை வருகிறது. நீதான் இன்னும் வரவில்லை.

நீ பார்க்கச் சொன்ன ‘வித்தவுட் எ ட்ரேஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை மருமகன் எங்கிருந்தோ தேடி எடுத்துத் தந்தார். 2002 முதல் 2009 வரை ஏழு சீசன், 160 எபிசோடு ஓடிய தொடர் என்று பேத்தி சொன்னாள். நான் முப்பதுதான் பார்த்திருக்கிறேன். மீதியைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் நினைத்தேன், பொறுக்க முடியவில்லை.

ஒவ்வொரு கதையும் ஒருவர் காணாமல் போவதில் தொடங்குகிறது. நடந்துகொண்டிருக்கும் மனிதர் அப்படியே மங்கி மறைந்துவிடுகிறார். அவர் நின்ற தெரு மட்டும் இருக்கிறது. பிறகு நியூயார்க் எஃப்.பி.ஐ. துப்பறியும் ஆட்கள் வருகிறார்கள். அந்தோணி லாபாக்லியா நடிக்கும் ஜாக் மலோன்தான் அவர்களுக்குத் தலைவர். வெள்ளைப் பலகையில் கோடு போட்டு, காணாமல் போனவரின் கடைசி நாளை மணிக்கணக்கில் எழுதுகிறார்கள். எட்டு மணிக்கு எங்கே இருந்தார், ஒன்பதுக்கு யாரோடு பேசினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்புகிறார்கள். துரத்தலும் துப்பாக்கியும் என் மனத்தில் ஒட்டவில்லை. ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பல எபிசோடுகளின் முடிவில் உண்மையிலேயே காணாமல் போனவர்களின் படத்தைக் காட்டினார்களாம். இதைப் பேத்தி சொன்னபோது எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

எனக்கு, கடலுக்குப் போய்த் திரும்பி வராத நம் சிநேகிதன் சீலா நினைவு வந்துவிட்டது, நண்பா.

1996 தீபாவளி முடிந்த வாரம். இருபத்தொன்பது ஆண்டாகிறது. வல்லம் மட்டும் இரண்டு நாள் கழித்துத் தனுஷ்கோடி மணலில் ஒதுங்கியது. கூடப் போன பெரியவரின் உடல் கிடைத்தது. இவனுடையது கிடைக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவன் மனைவி, நம் மதினியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மனு எழுதியவன் நான். பெயர், தகப்பனார் பெயர், வயது, உயரம், நிறம். உடை: நீலக் கட்டம் போட்ட கைலி. அங்க அடையாளம்: வலது முழங்கையில் மச்சம். ஆறு வரியில் முடித்துவிட்டேன். அங்கிருந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அக்கரைக்குப் போனானா?” இலங்கையில் சண்டைக் காலம், யாரைப் பார்த்தாலும் சந்தேகம். மதினி இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் எப்படிப்பட்டவன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அவன் வலை பின்னுவதை நீயும் எத்தனை நாள் பார்த்திருப்பாய். கால் பெருவிரலில் கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூலைப் பல்லில் கடித்தபடியே பேசுவான். பாதிப் பேச்சு நூலோடு போய்விடும். நாம் “என்னடா?” என்போம். நூலை எடுத்துவிட்டு முதலிலிருந்து சொல்வான், ஒரு வார்த்தை விடாமல். அந்த மனுவில் அது இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கரைக்கு ஆட்களை இழப்பது புதிதல்ல. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் என்று இன்றைக்கும் எண்ணிக்கை சொல்கிறோம். அந்தப் பெட்டிகளில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொரு பக்கமும் உண்டு. அக்னி தீர்த்தத்தில் குளிக்கவைத்து, துணிப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, மகன் ரயிலேறிப் போய்விட்ட கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் காணாமல் போனதாக எந்த ஊரிலும் மனு இருக்காது. தொடரில் தேடச் சொல்லி எப்போதும் யாராவது வந்து நிற்கிறார்கள். அதுவே பெரிய பாக்கியம் என்று தோன்றியது.

சட்டம் ஏழு ஆண்டு என்கிறது. ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கருதலாம். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தது, அதிலும் ஏழு ஆண்டுதான். 2003-இல் நானே மதினியிடம் போய், கோர்ட்டில் மனுப் போட்டுச் சான்றிதழ் வாங்கினால் உதவித் தொகைக்கு வழி பிறக்கும் என்று சொன்னேன். “கையெழுத்துப் போட்டு அவரை நான் சாகடிக்கணுமா அண்ணே?” என்று கேட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கழுத்தில் தாலி அப்படியே இருக்கிறது. அனுமதி கிடைக்கிற ஆண்டெல்லாம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறாள். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிற புனிதர் அல்லவா? பூசை முடிந்ததும் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் கல்யாணப் போட்டோவைக் காட்டிக் கேட்பாள். உப்புக் காற்றில் அந்தப் போட்டோ பூத்துப் போய்விட்டது. அவள் முகம் தெரிகிறது, அவன் முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் வந்திருந்தாள். கைக்குழந்தையோடு வந்தாள். “பெரியப்பா, அப்பா எப்படிப் பேசுவார்?” என்று கேட்டாள். அந்த நூல் கதையைச் சொன்னேன். சிரித்தாள், பிறகு அழுதாள். அவள் போன பிறகு பழைய காலண்டரின் முதுகில் கோடு போட்டேன், அந்தத் தொடரில் போடுவதைப் போலவே. மதினியையும், அவன் தம்பியையும், தேங்காய் வியாபாரியையும் கேட்டு எழுதினேன். காலை ஐந்து மணி: கருப்பட்டிக் காப்பி, பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று வாசலில் நின்றே குடித்தான். எட்டு: வலை. பத்தரை: என் வீட்டுக்கு வந்தான், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், திண்ணையில் ஐந்து தேங்காய் வைத்துவிட்டுப் போனான். நான்கு மணி: வல்லம் தள்ளினார்கள்.

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கோடு வெறுமனே இருக்கிறது. அந்த நேரம் உன்னோடு பாம்பன் ஸ்டேஷனில் இருந்தான் என்று மதினி சொல்கிறாள். நீ லீவு முடிந்து ஊருக்குக் கிளம்பிய நாள் அது. உன்னை வழியனுப்ப வந்தான் என்று நீ ஒரு முறை சொன்னாய், அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்ன பேசினான்? என்ன சாப்பிட்டீர்கள்? ரயில் நகர்ந்த பிறகு பிளாட்பாரத்தில் நின்றானா, உடனே திரும்பிவிட்டானா? எவ்வளவு சின்ன விஷயமானாலும் எழுது. எழுதக் கஷ்டமாக இருந்தால் போனில் சொல், நான் எழுதிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுக்கப் போகிறேன்.

இன்னொன்று. உன் கல்யாண ஆல்பத்தில் பந்திப் போட்டோ ஒன்று உண்டு. அதில் சாம்பார் வாளியோடு நிற்கிறான், முகம் முழுதாகத் தெரியும். அதை ஸ்டூடியோவில் கொடுத்து மூன்று பிரதி எடுத்து அனுப்பு. முகத்தை மட்டும் பெரிதாக்கித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல். வாளியும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்