உலகம் பிரிந்த ஆண்டு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வரும் அறிவியல் தொடர்கதையில் ஏற்காட்டுக் குடும்பம் ஒன்று இணை உலகத்துக்கு, அதாவது ஒரு கட்டத்தில் நம் உலகத்திலிருந்து பிரிந்து வேறு வழியில் நடந்த உலகத்துக்கு, போய்வருகிறது. அந்த உலகத்தில் மேட்டூர் அணையே கிடையாது. பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்குள் போகாமல், ஊர் சூழ நிற்கின்றன. அருமையான இடம். ஆனால் அடுத்த வாரமே சேலம் கடைவீதியில் மகள் தன்னையே உரித்துவைத்த இன்னொருத்தியை, அந்த உலகத்தில் பிறந்த தன் இரட்டையை, பார்த்துவிடுகிறாள். இந்த இரண்டும் ஒரே உலகத்தில் நடக்க வழியில்லை.

அணை வேலை தொடங்கியது 1925இல், முடிந்தது 1934இல். அணை இல்லாத உலகம் என்றால், காவிரி ஒப்பந்தம் கையெழுத்தான 1924 வாக்கிலேயே அது நம்மிடமிருந்து பிரிந்திருக்க வேண்டும். கரு உண்டாகும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போனாலே சேரும் விந்தணு வேறு, பிறக்கும் பிள்ளை வேறு. அங்கே ஊர்கள் மூழ்கவில்லை, யாரும் இடம்பெயரவில்லை. மேட்டூர் மின்சாரத்தை நம்பி ஆலைகள் வரவில்லை, வேலைக்கென்று ஆட்களும் வரவில்லை. யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பதே மாறிப்போயிருக்கும். அந்த மகளுக்கு மட்டுமல்ல, அவள் பாட்டிக்கும் அங்கே இரட்டை இருக்காது. 1924க்கு முன் பிறந்த கொள்ளுப்பாட்டிக்குத்தான் இருக்கும். இரட்டை கட்டாயம் வேண்டுமென்றால் மகள் பிறந்த பிறகு உலகத்தைப் பிரிக்க வேண்டும். அப்போது அணையும் இருந்துதொலைக்கும். (அணை இல்லாத சேலத்தில் சித்திரை மாதத்திலும் வீட்டுக் குழாயில் காவிரித் தண்ணீர் கொட்டுவதும் இதே ரகப் பிழை.)

கடக்கும் இடமும் சரியில்லை. பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுகிறது; கடக்கும் கணத்தில் அது விலகிப்போய்விடாதா? உலகம் கடக்கும் கருவி தரையோடு பிணைந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு உலகத்திலும் தரை ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமே! கதாசிரியர் ஜீப்பை நிறுத்துவது மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில். அகலப்படுத்திய வளைவில் ஒரு பக்கம் மலையை வெட்டியிருப்பார்கள், மறுபக்கம் மண் கொட்டித் தடுப்புச்சுவர் கட்டியிருப்பார்கள். அந்த வேலை நடக்காத உலகத்துக்குள் போனால், வெட்டிய பக்கம் நின்ற வண்டி மண்ணுக்குள் புதையும். நிரப்பிய பக்கம் நின்றது அந்தரத்தில் தொங்கி உருளும். சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நூறு வருஷத்தில் அது தேயாது. உளி படாத மொட்டைப் பாறையாகப் பார்த்து, நடந்தே கடக்கச் சொல்லுங்கள்.

உலகங்கள் இப்படிப் பிரிகின்றன என்று இயற்பியலாளர் ஹியூ எவரெட் 1957இல் வெளியிட்ட கொள்கைப்படி, பிரிந்த உலகங்களுக்குள் போக்குவரத்தே கிடையாது. கதைக்காக அந்த ஒரு பொய்யை விட்டுவிடலாம். நோயை மறந்ததை விட முடியவில்லை. பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். நூறு வருஷம் தனியே நடந்த உலகத்திலும் அது ஒழிந்திருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பேரப்பிள்ளைகள் யாருக்கும் அம்மை குத்தியதில்லை. ஆகவே முதலில் இறங்கவேண்டியவர், கையில் தழும்புள்ள பாட்டி. அந்தப் பாதுகாப்பும் வயதோடு குறையும்தான். ஆனால் மற்றவர்களுக்கு அதுகூட இல்லை. கிருமி தொற்றினால் காய்ச்சல் காண 7 முதல் 19 நாள் ஆகும் என்பதால், திரும்பியவர்கள் மூன்று வாரம் யாரோடும் ஒட்டாமல் இருக்க வேண்டும். கதையில் மறுநாளே கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள்!

செலவுக்கு நோட்டுக் கட்டை நம்பாமல் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசை எடுத்துப்போனது நல்ல யோசனை. எந்த உலகத்துப் பட்டறையும் உருக்கி, டச் (வெள்ளியின் தரம்) பார்த்து, பற்றவைப்புக் கழிவு போக மிச்ச வெள்ளிக்குக் காசு கொடுத்துவிடும்.

இத்தனை வாரம் வந்த கதையைக் கலைக்க வேண்டியதில்லை. கடைவீதியில் மகள் பார்த்தது இரட்டையை அல்ல, அந்த உலகத்தில் வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்ட கொள்ளுப்பாட்டியின் கொள்ளுப்பேத்தியை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சாயல் ஒத்திருப்பதற்கும் காரணம் கிடைத்துவிடும், பண்ணவாடியும் தப்பித்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்