சாந்திக்கு, பையோடு ஒரு கடிதம்

அம்மாப்பேட்டை, சேலம்
ஆடி 5

அன்புள்ள சாந்தி,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே இருக்கிறது. விளக்கேற்றும்போதெல்லாம் அதன் ஓரம் கண்ணில் படும், மனசு உறுத்தும். போன் செய்திருக்கலாமே என்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ மூன்று யோசனை சொல்லி முடித்துவிடுவாய். இந்த விஷயத்தை நீ கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். மார்கழியில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார், என்னையும் அதட்டுகிறார், அதனால் தேறிவிட்டார் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் நலம். பெரியவன் ஓசூருக்கு வேலை மாறிவிட்டான். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? அண்ணன் சர்க்கரையைக் குறைத்தாரா, இல்லை இன்னும் வாக்கிங் என்ற பெயரில் டீக்கடைக்குத்தான் போகிறாரா? பேத்திக்கு மொட்டை போட்டாயிற்றா? நாம் தேங்காய் பன்காரி என்போமே, அவள் போன மாதம் கடைவீதியில் எதிர்ப்பட்டாள். அப்படியே இருக்கிறாள், அதே வேகம், அதே பேச்சு. உன்னைத்தான் முதலில் விசாரித்தாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். பிரித்ததும் அதைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டாதே, மடித்து வை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அத்தையோடு ஆஸ்பத்திரியில் பதினோரு இரவு உட்கார்ந்திருந்தேன். அவர் தூங்குவார், எனக்குத் தூக்கம் வராது, கை சும்மா இருக்க மறுத்தது. மூன்றாம் நாள் மாலை, முதல் அக்ரகாரம் தெருவுக்குப் போய், பின்னுவதற்குக் கொக்கி வைத்த ஒரு குரோஷா ஊசியும் இரண்டு நூல்கண்டும் வாங்கி வந்தேன். சாந்தி, நாற்பது வருடம் ஆகிறது. ஊசியைப் பிடித்ததும் இடது கை ஆள்காட்டி விரல் தானாக நிமிர்ந்து நூலைச் சுற்றிக்கொண்டது. ஏற்காட்டு விடுதித் திண்ணையில், நமக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி சிஸ்டர் ஸ்கேலால் தட்டித் தட்டி நிமிர்த்திய விரல். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

அங்கே தொடங்கியதுதான் பை. நல்ல பெரிய தோள்பை, ஒரு வாரக் காய்கறியை அடக்குகிற அளவு. 2019 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று பெயர், மஞ்சப்பை திட்டமும் வந்தது, ஆனாலும் உழவர் சந்தையில் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் வருகிறார்கள். வலுவான பை ஒன்று எப்போதும் தோளில் கிடந்தால் அந்தப் பேச்சே இல்லை என்று நினைத்தேன்.

முதல் பை கெட்டுப்போனது. உடம்பு முழுக்க நெல்லிக்காய் மாதிரி உருண்டை உருண்டையாக மேடு எழும்ப வேண்டும் என்று ஆசை. நீ ஒயர் கூடையில் நெல்லிக்காய் முடிச்சுப் போட்டு எங்களை எல்லாம் பொறாமைப்பட வைத்தாயே, அந்த அழகு நூலில் வர வேண்டும். இதற்கு பாபிள் என்று பெயர். ஒரே கண்ணுக்குள், அதாவது ஒரே பின்னல் வளையத்துக்குள், ஐந்து டபுள் குரோஷாவைப் பாதியிலேயே நிறுத்தி, ஆறு வளையமும் ஊசியில் இருக்கும்போது ஒரே இழுப்பில் மூட வேண்டும். எதிர்வீட்டுப் பெண் போனில் காட்டிய அமெரிக்கக்காரி அப்படித்தான் எழுதியிருந்தாள். நானும் ஐந்து டபுள் போட்டேன். உருண்டை வரவில்லை. சப்பையாக, கொசு கடித்த தடிப்பு மாதிரி ஏதோ வந்தது. நான்கு நாள் பின்னினேன், பிரித்தேன், பின்னினேன், பிரித்தேன்.

பிறகுதான் புரிந்தது. சிஸ்டர் நமக்குச் சொல்லிக்கொடுத்தது பிரிட்டிஷ் கணக்கு. அவர்கள் டபுள் என்பது குட்டைக் கண், அமெரிக்காவில் அதற்குச் சிங்கிள் என்று பெயர். அமெரிக்கக்காரியின் டபுள் என்பது நம் சிஸ்டரின் டிரெபிள். ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு போடுகிற நெட்டைக் கண். ஐந்து நெட்டைக் கண் போட்டு இழுத்ததும் பொட்டென்று ஒரு உருண்டை எழுந்து நின்றது பார், ராத்திரி பதினோரு மணிக்கு இவரை எழுப்பிக் காட்டினேன்.

இன்னொன்று. அந்த உருண்டை நம்மைப் பார்த்து எழும்பாது, மறுபக்கம்தான் பிதுங்கும். வட்டமாகச் சுற்றிக்கொண்டே பின்னினால் அத்தனை அழகும் பைக்கு உள்ளே போய்விடும். அதனால் பையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பின்ன வேண்டும். உன் பையில் ஒரு சுற்றுக்கு 160 கண். நான்கு சுற்றுக்கு ஒருமுறை உருண்டை வரிசை, வரிசைக்கு 40, மொத்தம் 11 வரிசை. எண்ணிப் பார்த்துக்கொள், 440 இருக்கும்.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். கடை நூல்கண்டு கட்டுப்படியாகவில்லை. தறிக்காரர்கள் நடுவில் குடியிருந்துகொண்டு கண்டு நூல் வாங்குவானேன் என்று, துண்டு நெய்வதற்கு வாங்குகிற 2/20 நூலை (20ஆம் நம்பரில் இரண்டு இழை சேர்த்து முறுக்கியது) கிலோ 320 ரூபாய்க்கு எடுத்தேன். எட்டு இழையைச் சேர்த்தால் பைக்கு ஏற்ற தடிமன் வருகிறது. ஆனால் சேர்த்துப் பிடித்தால் மட்டும் போதாது. ஊசியின் கொக்கி இரண்டு இழையை விட்டுவிட்டு ஆறு இழையை மட்டும் இழுக்கும், பின்னல் முழுக்கப் பிசிறு நிற்கும். பின்தெருவில் தறிக்கு நூல்தார் சுற்றுகிற தாத்தா தன் ராட்டையில் கொடுத்து முறுக்கேற்றித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார், மருமகளுக்கு இந்தப் பின்னலைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார். வெளுக்காத நூலின் நிறம் உனக்குத் தெரியுமே, பசும்பாலில் இரண்டு சொட்டு டிகாஷன் விட்டாற்போல. சாயம் போட மனம் வரவில்லை. பின்னுவதற்கு முன்னால் கொதிநீரில் போட்டு அலசிக் காயவைத்துவிட்டேன், அதனால் துவைத்தால் சுருங்குமோ என்று நீ பயப்பட வேண்டாம்.

இப்போது ஆணி விஷயம். உருண்டைகளைச் சரிசெய்து முடித்த அந்த முதல் பையை வைகாசியில் கடைவீதிக்கு எடுத்துப்போய் ஐந்து கிலோ மல்கோவா வாங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் 22 அங்குலக் கைப்பிடி 31 அங்குலம் ஆகிவிட்டது. தோளில் மாட்டிய பை முழங்காலில் இடிக்கிறது. கம்பளி நூலாக இருந்தால் இழுத்தது திரும்பி வரும், பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. கைப்பிடியை நான் குறுக்குவாட்டில் சின்னச் சின்ன வரிசையாகப் பின்னியிருந்தேன், பாரம் ஏறியதும் ஒவ்வொரு வரிசையும் வாயைத் திறந்துகொண்டது.

உன் பையில் அதை மாற்றிவிட்டேன். கைப்பிடியை நீளவாக்கில், ஒரே நீளச் சங்கிலியாகப் போட்டு ஏழு வரிசை பின்னினேன். அடியில் பருத்தி நாடா வைத்துத் தைத்திருக்கிறேன். அந்த நாடா கைப்பிடியோடு நிற்கவில்லை, பையின் இரண்டு பக்கமும் இறங்கி அடிப்பாகத்தையும் சுற்றி வருகிறது. உள்ளே காடா துணியில் லைனிங், பையைவிட அரை அங்குலம் சின்னதாக. பாரம் துணியிலும் நாடாவிலும் உட்காரும், பின்னல் சும்மா மேலே போர்த்திக்கொண்டு நிற்கும். ஆனாலும் நாள் கணக்கில் பொருளோடு ஆணியில் தொங்கவிட்டால் எந்தப் பருத்தியும் இழுபடும். அதனால்தான் சொன்னேன்.

இனிமேல்தான் உன்னிடம் சொல்ல வந்தது.

மே மாதம் கோடை விழாவுக்குச் சின்னவள் வீட்டோடு ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பையை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டே போனேன். ஏழாவது வளைவில் கண் கணக்கு தவறியது, பன்னிரண்டாவதில் பிடித்துவிட்டேன். ஏரிப் பக்கம் ஒரு கைவினைப் பொருள் கடை. அந்த அம்மா பையைப் பார்த்ததும் கையிலிருந்து வாங்கி, உருண்டைகளைத் தடவித் தடவிப் பார்த்து, 20 பை செய்து தர முடியுமா என்று கேட்டாள். விலை? பைக்கு 450 ரூபாய். அதே கடையில் இதைவிடச் சின்னதாக ஒன்று தொங்கியது, சீட்டில் 1,800 என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நீ கைத்தறிச் சங்கத்தில் போடுவாயே, அது மாதிரி கோடு இழுத்துக் கணக்குப் போட்டேன். நூல் 700 கிராம், 224 ரூபாய். லைனிங்கும் நாடாவும் 60. மீதி 166. ஒரு பைக்கு எனக்கு 26 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 6 ரூபாய் 38 காசு. சாந்தி, நம் ஊரில் அந்தக் காசுக்கு ஒரு தட்டுவடை செட்கூடக் கிடையாது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சிஸ்டர் மழை நாளில் அயர்லாந்துக் கதை சொல்வாரே, நினைவிருக்கிறதா? 1840-களில் உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்தபோது கன்னியாஸ்திரிகள் பெண்களுக்கு இந்தக் குரோஷாவைக் கற்றுக்கொடுத்து, அந்த லேஸ் விற்ற காசில் குடும்பங்கள் பிழைத்தன என்று. பஞ்சத்தில் உயிர்காத்த வேலை இது. ஆந்திராவில் நரசாபூர்ப் பக்கமும் மிஷனரிகள் கொண்டுவந்ததுதான். அங்கே ஊர் ஊராகப் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னியது வெளிநாட்டுக்கெல்லாம் போனது. ஆனால் அதை யாரும் வேலை என்று சொல்லவில்லை, வீட்டில் சும்மா இருக்கிறவள் பொழுதுபோகாமல் செய்வது என்றார்கள், கூலியையும் அந்த மாதிரியே கொடுத்தார்கள். கடைக்கார அம்மாவும் அதையேதான் சொன்னாள். "சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுவதுதானே அம்மா?" எனக்குச் சும்மா இருக்கிற நேரம் எது? அத்தைக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, துணி அலசிப் போட்டபிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரம். அது சும்மா கிடைத்ததா?

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். விஷயம் அங்கேயே முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு எழுத மாட்டேன்.

தார் தாத்தாவின் மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தேன் என்றேனே. அவள் மூலம் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். தினமும் மூன்று மணிக்கு நம் திண்ணையில் ஐந்து பேர். அந்த மருமகளுக்கு விரல் அவ்வளவு வேகம், பிறந்ததிலிருந்து நூலோடு பழகிய கை. என் 26 மணி நேர வேலையை அவள் இருபதில் முடித்துவிடுவாள். கடைக்காரி சொன்ன விலையைச் சொல்லி, நான் எப்படி மறுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஊசியை மடியில் வைத்துவிட்டு, "அம்மா, உங்களுக்குப் பென்ஷன் வருகிறது. எனக்கு இப்போது மணிக்கு ஒரு காசும் வருவதில்லை. அந்த 20 பையை நான் பின்னித் தரலாமா?" என்று கேட்டாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவள் வீட்டில் இரண்டு தறியில் ஒன்று ஓடவில்லை, பையனுக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி. நான் வேண்டாம் என்று சொன்னது என் மானத்துக்காகவா, அவளுக்காகவா? அவள் 450-க்கு ஒத்துக்கொண்டால், நாளைக்கு இந்தத் தெருவில் யார் பின்னினாலும் அதுதான் விலை. ஒத்துக்கொள்ளாதே என்று தடுத்தால் அவள் வீட்டு அரிசிக்கு நான் பொறுப்பு. இரண்டு மாதமாக இதையே மென்றுகொண்டிருக்கிறேன்.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. உருண்டைதான் நேரத்தையும் நூலையும் தின்கிறது. பையின் உடம்பை வேறு மாதிரிப் பின்னிப் பார்த்தேன். ஒரு சிங்கிள், ஒரு சங்கிலி, ஒரு கண்ணைத் தாண்டி அடுத்த சிங்கிள், அடுத்த சுற்றில் அந்தச் சங்கிலியின் இடைவெளிக்குள் ஊசியை விட வேண்டும், அவ்வளவுதான். நெருக்கமாக, சொரசொரப்பாக, தள்ளி நின்று பார்த்தால் தறியில் நெய்த மாதிரியே இருக்கிறது. தாத்தா தடவிப் பார்த்து "இது எந்தத் தறியில்?" என்று கேட்டார்! மேலே மூன்று வரிசை மட்டும் உருண்டை. 500 கிராம் நூல் போதும், நான் 14 மணி நேரத்தில் முடித்தேன், அவள் 12 மணி நேரத்தில் முடித்தாள். மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தால் அவள் வேலைக்கு 600, நூல் 160, லைனிங், நாடா 60. மொத்தம் 820 ரூபாய். இந்த விலையைக் கடைக்காரியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாமா?

இங்கேதான் நீ வேண்டும். கைத்தறிச் சங்கத்தில் 28 வருடம் கணக்கு எழுதியவள் நீ. நெசவாளிக்குக் கூலி எப்படி நிர்ணயிப்பீர்கள்? உருப்படிக்கா, நேரத்துக்கா? நூல் விலை நடுவில் ஏறினால் யார் தாங்குவது? முன்பணம் கேட்பது முறையா? ஐந்து பேரும் ஒரே விலை சொல்வோம், யாரும் கீழே இறங்க மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் அது நிற்குமா? எனக்கு ஆறுதல் எழுதாதே, கோடு இழுத்துக் கணக்கு எழுது. நான் மறுத்துவிட்ட பிறகும் அந்தக் கடைக்கார அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கீழே வருகிறாளாம், அப்படியே வீட்டுக்கும் வருகிறேன் என்கிறாள். ஆடிப்பெருக்குக்குள் உன் பதில் கையில் இருந்தால் நல்லது.

பையை வலது தோளில் மாட்டாதே, அங்கேதானே உனக்கு வலி. கைப்பிடியை அதற்காகத்தான் அகலமாகப் பின்னினேன், இடது தோளில் மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போ. அண்ணனுக்கு என் வணக்கம். அடிப்பாகத்தில், லைனிங்குக்குக் கீழே, பச்சை நூலில் ஒரே ஒரு கண் இருக்கும். பிழை என்று நினைத்துப் பிரித்துவிடாதே, அது அந்த மருமகள் பின்னிய முதல் கண்.

உன்
வசந்தா