கவிதா என்ற பெயருக்கு எத்தனை எழுத்து?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு மொட்டை மாடியில் சி++ என்ற புரோகிராம் எழுதும் மொழியைச் சொல்லித் தருகிறேன். மற்ற நாளில் என் வேலையும் அதே மொழியில்தான். திரையில் நாலு வரி அச்சிட ஏற்கெனவே பிரிண்ட்எஃப், சீ-அவுட் என்று இரண்டு வழி இருக்கும்போது மொழியில் மூன்றாவதாக பிரிண்ட் என்று ஒன்றை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். போன மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகு பேசுவதில்லை.

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ பாடம் இருக்கிறது. அதைப் படிக்கிற பெண் ஒருத்தி மதிப்பெண் பட்டியல் அச்சிடும் புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தாள். பெயர்களையெல்லாம் தமிழிலேயே கொடுத்திருந்தாள், அதுவே எனக்கு சந்தோஷம். பெயருக்கு 20 இடம், அப்புறம் மதிப்பெண் என்று சீ-அவுட்டில் இடத்தின் அகலத்தைச் சொல்லும் செட்-டபிள்யூ போட்டு ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். ஓட்டிப் பார்த்தால் கவிதாவுக்குப் பக்கத்தில் ஐந்தே ஐந்து இடைவெளி, அடுத்த வரியில் "முருகன்87" என்று பெயரும் மதிப்பெண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா அண்ணா என்று கேட்டாள். அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. க, வி, தா என்று விரல் விட்டு எண்ணினால் மூன்று எழுத்து. ஆனால் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் வி என்பது வ தனி, அதன் கொக்கி தனி. தா-வும் அப்படியே, ஆக ஐந்து குறியீடுகள். அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் (சேமிப்பின் சிறு அலகு), மொத்தம் 15. செட்-டபிள்யூ எண்ணுவது பைட்டைத்தான். முருகனுக்கு 21 பைட், கொடுத்த 20-ஐத் தாண்டிவிட்டது, அதனால் ஒரு இடைவெளிகூடக் கிடையாது.

அன்று அவளுக்கு சி++23 என்ற புதிய பதிப்பில் வந்த பிரிண்ட்டைக் காட்டினேன். சுருள் அடைப்புக்குறிக்குள் ஒரு முக்காற்புள்ளியும் 20-உம், அவ்வளவுதான். அது நாம் எழுத்து என்று சொல்வதையே ஒன்றாக எண்ணுகிறது: கவிதாவுக்கு மூன்று, முருகனுக்கு நான்கு. எழுத்துரு தா-வுக்கும் மு-வுக்கும் எவ்வளவு அகலம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து வரிசை இன்னும் கொஞ்சம் பிசகத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் எண்ணிக்கையாவது சரியாக வந்ததே. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற வேறு மொழிக்குப் போனால் அங்கே அகலம் கொடுத்து அச்சிடும்போது குறியீடுகளைத்தான் எண்ணும், கவிதாவுக்கு ஐந்து, முருகனுக்கு ஏழு. பழைய வசதியே போதாதா என்று கேட்பவர்கள் இந்தப் பெயர்களை ஒரு தடவை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பெயர் மட்டும் அச்சிடுகிறவருக்கு இது கண்ணிலேயே படாது.

பழைய வழிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. சி மொழியின் பிரிண்ட்எஃப் 1970-களில் வந்தது, இன்றும் ஓடுகிறது. ஆனால் முழு எண் என்று குறி போட்டுவிட்டு தசம எண்ணைக் கொடுத்தால் திரையில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர்கள் இப்போது பெரும்பாலும் எச்சரிக்கும், ஆனால் எச்சரிக்கையோடு விட்டுவிடும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சி++ சீ-அவுட்டைக் கொண்டுவந்தது. அதில் வேறு தொல்லை. செட்-டபிள்யூ அடுத்த ஒரே ஒரு மதிப்புக்கு மட்டும் செல்லும், எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும் ஹெக்ஸ் என்று போட்டால் மாற்றும்வரை அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை புரோகிராம் எழுதிவைக்கும் பதிவில் 10, 10 என்று வந்துகொண்டே இருந்தது, பத்து எப்படி வரும் என்று ராத்திரி இரண்டு மணிவரை தேடினேன். யாரோ நாற்பது வரிக்கு மேலே ஹெக்ஸ் போட்டுவிட்டு டெசிமலுக்குத் திரும்பவில்லை. அது பத்தே இல்லை, 16. புதிய பிரிண்ட்டில் வடிவம் அந்தந்த மதிப்போடு முடிந்துபோகிறது, பொருந்தாத குறி போட்டால் புரோகிராம் கம்பைலே ஆகாது.

விண்டோஸில் இன்னொரு லாபமும் உண்டு. சீ-அவுட் பைட்டுகளை அப்படியே தள்ளிவிடும், கன்சோல் என்ற எழுத்துத் திரை தன் பழைய குறியீட்டுப் பட்டியலை வைத்து வாசித்து தமிழுக்குப் பதில் குப்பையாகக் காட்டும். பிரிண்ட்டோ, புரோகிராமை யுடிஎஃப்-8-இல் கம்பைல் செய்திருந்தால், கன்சோலிடம் யூனிகோடிலேயே பேசுகிறது.

மொழி வீங்கிப்போகும், வேண்டுமென்பவர் வேறொருவர் எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பான நூலகம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்தட்டும் என்கிறார்கள். நானும் வேலையில் அதைத்தான் செய்தேன். விக்டர் ஸ்வெரோவிச் எழுதிய எஃப்எம்டி நூலகத்தைப் பலர் வருடக்கணக்கில் அப்படித்தான் பயன்படுத்தினோம், அதிலிருந்துதான் சி++20-இல் ஃபார்மேட்டும் சி++23-இல் பிரிண்ட்டும் வந்தன. சம்பளம் வாங்குகிறவனுக்கு நூலகம் இறக்குவது பெரிய விஷயமில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில், இணையம் இல்லாத கணினியில், வாரத்துக்கு இரண்டு பீரியட் கிடைக்கிற பிள்ளை எங்கே போய் இறக்கும்? கம்பைலரோடு வந்தால்தான் அது அவளுக்கு உண்டு.

சேர்ப்பதிலும் முறை வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். பைத்தானில் பிரிண்ட் முதலில் இலக்கணத்தின் பகுதியாகவே இருந்தது. 2008 டிசம்பரில் 3.0 வந்தபோது அதைச் சாதாரண ஃபங்ஷனாக (பெயர் சொல்லி அழைக்கும் புரோகிராம் துண்டாக) மாற்றினார்கள், அதுபோன்ற மாற்றங்களால் பழைய புரோகிராமெல்லாம் உடைந்தது, பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. பதினோரு வருடம்! ஜாவா என்ற மொழியில் எழுத்துச் சரத்துக்குள்ளேயே மதிப்பைச் செருகும் வசதியை 21-ஆம் பதிப்பில் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்து, சரிப்படவில்லை என்று 23-இல் எடுத்தேவிட்டார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும், இலக்கணத்துக்குள் புகுந்துவிட்டதைப் பிடுங்குவது லேசில்லை. சி++ பிரிண்ட்டை நூலக ஃபங்ஷனாகத்தான் சேர்த்தது, சீ-அவுட்டும் இருக்கிறது, பழைய புரோகிராமில் ஒரு வரிகூட இதற்காக மாற வேண்டியதில்லை.

பாடநூலைத் திருத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கோரிக்கை. சீ-அவுட்டை எடுக்கச் சொல்லவில்லை, அதற்கு அடுத்து பிரிண்ட்டுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள், எடுத்துக்காட்டில் பெயர்களைத் தமிழில் போடுங்கள். ஆய்வகங்களில் கம்பைலரையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஜிசிசி என்ற கம்பைலரில் 14-ஆம் பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது, இலவசம்தான். அந்தப் பெண் பள்ளியில் பழைய கம்பைலரில் பிரிண்ட் போட்ட புரோகிராமை ஓட்டிவிட்டு, வரவில்லை அண்ணா, பெயரையெல்லாம் இங்கிலீஷிலேயே மாத்திட்டேன் என்று வந்து சொன்னாள்.

இப்படிக்கு,
சி++ சொல்லித் தரும் வாசகர் ஒருவர்,
மதுரை