சீமைக் கருவேலம் அகற்றும் பணியில் உள்ள அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் பெருமக்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் பட்டா நிலங்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை அகற்ற நில உரிமையாளர்கள் முன்வருவதில்லை என்று தொடர்ந்து சொல்லப்படுகிறது. அவர்களிடம் செய்தி எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பது குறித்தே இந்த மடலை எழுதுகிறேன்.

பல நிலங்களின் பட்டா இன்னும் இறந்துபோன பாட்டனார் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோதான் இருக்கிறது. பங்காளிகளில் ஒருவர் திருப்பூரில் இருப்பார், ஒருவர் சென்னையில், இன்னொருவர் வளைகுடா நாட்டில். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு இவர்களில் ஒருவர் கண்ணிலும் படாது. கிராம சபைக்கும் இவர்கள் வரப்போவதில்லை. ஆனால் மாசியில் மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் பெரும்பாலோர் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார்கள். பங்காளிகள் ஒன்றுகூடும் அந்த நாள்களில் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் உதவி அலுவலரும் ஊரில் இருந்து, பட்டா மாறுதலுக்கான விண்ணப்பத்தையும் அங்கேயே பெற்றுக்கொண்டால், பேச்சு தானாகத் தொடங்கும்.

ஊரிலேயே இருக்கும் உரிமையாளரின் நிலை வேறு. மானாவாரி நெல் பொய்த்த ஆண்டிலும் அவருக்குக் காசு தருவது இந்த மரம்தான். மூன்று நான்கு ஆண்டுகளில் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். விறகை மூட்டமிட்டுக் கரியாக்கும் கரிமூட்டம் போடுபவர் முன்பணம் கொடுத்து வெட்டிக்கொள்வார். உழவும் விதையும் உரமும் கேட்காத இந்த வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், நிலத்தடி நீரைக் காப்போம் என்று மட்டும் அச்சிட்ட துண்டறிக்கையை அவர் மடித்து வைத்துவிடுகிறார். அதில் எனக்கு வியப்பில்லை. அவர் கேட்பது, தூரோடு பிடுங்கப் பொக்லைன் வாடகையை யார் தருவது, பிடுங்கிய பிறகு அந்தக் கரம்பில் என்ன விதைப்பது என்பதைத்தான். தரையோடு வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதும், நெற்றைத் தின்ற ஆடுகளின் புழுக்கை வழியே பக்கத்து நிலத்திலிருந்து விதை வந்து மீண்டும் முளைக்கும் என்பதும் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் மட்டும் செலவழித்துப் பயனில்லை என்று அவர் தயங்குவது இதனால்தான். ஆகவே தனித்தனி ஆளாக அல்லாமல், ஒரு கண்மாய்ப் பாசனத்துக்கு உட்பட்ட அத்தனை பேரிடமும் சேர்த்துப் பேசுங்கள். கரிமூட்டத் தொழிலாளர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள், அவர்களுடைய பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டதும், அதே ஆண்டு அதற்கு இடைக்காலத் தடை வந்ததும் ஊர்களில் மறக்கப்படவில்லை. நடவடிக்கை எடுக்கப்படும் என்ற வரியைக் கண்டால், இதுவும் நின்றுபோகும், பொறுத்துப் பார்ப்போம் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

புரட்டாசி விதைப்புக்கு முன்பே பிடுங்கி உழுதாக வேண்டும் என்பதால், பொக்லைன் வாடகையில் அரசின் பங்கு எவ்வளவு என்பதைச் சித்திரைக்குள் எழுத்து மூலம் ஒவ்வொரு ஊருக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுகுளத்தூர் வட்டாரத்து விவசாயி ஒருவர்