பழைய கார் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழமையான கூட்டங்கள் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கலுக்கு நடந்த கார் ஊர்வலத்தின் படங்கள் இன்னும் எல்லாருடைய தொலைபேசியிலும் கிடப்பதால் அதைப் பற்றியும் நான் விரிக்கவில்லை. இந்த வருடம் எங்களுக்குள் வாக்குவாதத்தைக் கிளப்பியது யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் உள்ள ஒரு வளவுதான். அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் கராச் நடந்த வளவு அது. உரிமையாளர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவில். காணியை விற்க முன்னர் வந்து பார்க்கச் சொன்னார்கள். வடலிகளுக்கும் நாயுண்ணிப் பற்றைக்கும் இடையில் ஒஸ்ரின் ஏ40 சோமசெற், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஒரு ஹில்மன் மிங்ஸ். சிலவற்றில், வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வர முன்னர் இருந்த ஆங்கில எழுத்துத் தகடு. 1958 இல் எதிர்ப்பாக அந்தச் சிங்கள ஸ்ரீக்குத் தார் பூசிய கதையைக் காப்பாளர் அங்கேயே தொடங்கிவிட்டார். வேலை சற்றுத் தாமதித்தது.

உப்புக் காற்று கதவுகளின் அடிப்பகுதியையும் மட்கார்ட்டையும் தின்றுவிட்டது. ஆனால் எஞ்சின் புளொக், கியர்பெட்டி, பின் அச்சு எல்லாம் தேறும். மைனர் ஒன்றின் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரட்டைக் கண்ணாடி. 1956 இல் வந்த மைனர் 1000 இல் ஒற்றைக் கண்ணாடிதான். ஆகவே இது அதற்கு முந்தியது. இதன் கண்ணாடிக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சண்டை வந்தது சோமசெற்றால். 1952 தொடக்கம் 1954 வரை மட்டுமே செய்த கார். 1200 சிசி எஞ்சின். பொனற்றைத் திறந்தால் காபரேற்றருக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டிய சின்னப் போத்தல், அதிலிருந்து ஒரு ரியூப். இளைய உறுப்பினர்கள் அதைக் குப்பை என்று கழற்றப் போக, எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணை கையைப் பிடித்துவிட்டார்: "உதைத் தொடாதையுங்கோ. அந்த நேரம் உது இல்லாட்டி இந்தக் கார் கேற்றைத் தாண்டியிராது."

யுத்த காலத்தில், 1990 இல் அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் வரவில்லை என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் அது குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. போத்தலிலுள்ள கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின் என்பதால் அது தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். இருந்தும் நோயாளியையும் பொம்பிளை மாப்பிள்ளையையும் ஏற்றி ஓடின. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்து புது வாகனங்கள் வந்த பிறகுதான் இவை மெல்ல மெல்ல வளவுகளுக்குள் ஒதுங்கின.

எனது கருத்தைப் பதிவு செய்கிறேன்: இங்கிலாந்தில் இருந்து வந்து இறங்கிய நாளில் இருந்ததுபோல் ஒவ்வொரு காரையும் மாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் எங்களுக்குப் பொருந்தாது. அப்படியான ஒஸ்ரின் அங்கே நிறைய உண்டு. போத்தல் கட்டிய ஒஸ்ரின் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கும். "ஒரிஜினல்" காருக்கு மட்டும் பரிசு என்ற எங்கள் விதி, உள்ளூர் மெக்கானிக்கின் கைவேலையைக் கழற்றி எறியத் தூண்டுகிறது. தகரத்தில் வெட்டி ஒட்டிய மட்கார்ட்டையும் நடுவர்கள் புள்ளிக்கு எடுக்க வேண்டும். பாதுகாப்பு வேறு விடயம்: பழைய பிரேக் ரப்பரையும் உக்கிய வயரையும் மாற்றியே ஆக வேண்டும். வயர் மாற்றுபவர்கள், இந்த ஒஸ்ரின்களில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் காரின் இரும்பு உடலோடு சேரும் என்பதைக் கவனிக்கவும்.

பழைய இரும்பு வியாபாரி ஒருவர் நிறைக்கு விலை பேசியிருக்கிறார். பிள்ளைகள் எங்களுக்காகப் பொறுத்திருக்கிறார்கள், ஆனால் மாரி தொடங்க முன்னர் முடிவு சொல்ல வேண்டும். சோமசெற்றையும் கண்ணாடி பிரிந்த மைனரையும் முழுதாக வாங்கவும், மற்றவற்றின் பாகங்களுக்குப் பட்டியல் எழுதி, கார் ஓட்டத்தில் உள்ளவர்களுக்கு முதலிடம் கொடுக்கவும் செயற்குழு சிபாரிசு செய்கிறது. பட்டியல் முடியும்வரை ஒருவரும் சாவியும் ஸ்பனருமாகத் தனியே அங்கு போகக் கூடாது. ஏற்கனவே இரண்டு ஹெட்லைற் வளையங்களைக் காணவில்லை; எடுத்தவர் என்னிடம் தந்தால் பெயர் கேட்கமாட்டேன்.

பரிசு விதித் திருத்தத்தையும் கொள்வனவையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்