பதினைந்து நிமிட ஆபீஸ்

அன்புள்ள சுமதிக்கு,

உன் மெயில் கிடைத்தது. அம்மாவின் மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. எழுந்து நடக்கச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். பிசியோதெரபி என்று சொல்லாதே, பேரூர் கோயிலுக்குப் போகப் பழகுங்கள் என்று சொல்லிப் பார். எனக்குத் தெரிந்த உன் அம்மா அதற்குத்தான் எழுந்திருப்பார்.

போன வாரம் வீடியோ காலில் பேசியபோது, "என்னடி, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாயா?" என்று கேட்டாய். அப்போது நேரமில்லை, சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது விவரமாகச் சொல்கிறேன். கேட்டதற்கு மேலேயும் சொல்வேன், பொறுத்துக்கொள்.

அது டோக்கியோ ஸ்டேஷனில் உட்கார்ந்து வேலை பார்க்க இருக்கும் வாடகை பூத். வெளியிலிருந்து பார்த்தால் நம்மூர் எஸ்.டி.டி. பூத் கொஞ்சம் சதைபோட்ட மாதிரி இருக்கும். உள்ளே ஒரு மேஜை, நாற்காலி, மானிட்டர், பிளக் பாயின்ட், வைஃபை. கதவை மூடினால் வெளிச்சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிடும். போனில் பதிவு செய்துவிட்டு, இங்கே எல்லோரும் பையில் வைத்திருக்கும் சூய்கா ரயில் கார்டைக் காட்டினால் கதவு திறக்கும். வாடகை பதினைந்து நிமிடக் கணக்கு. ஆரம்பித்த காலத்தில் ஒருவர் உட்கார 15 நிமிடத்துக்கு 250 யென், வரி தனி. நம் கணக்கில் ஏறக்குறைய நூற்றைம்பது ரூபாய். மேலே கூரையில் தானாக இயங்கும் சின்னத் தீயணைப்பான் ஒன்றும் இருக்கும். நாலு பக்கமும் கூரையும் மூடிவிட்டால் தீயணைப்புச் சட்டப்படி அது பெட்டியில்லை, அறை. அதனால் அதற்கும் ஒரு அறைக்கு உண்டான பாதுகாப்பு வேண்டும். நீ ஆடிட்டர், இந்த மாதிரி விஷயம் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

இதை முதலில் பெரிய அளவில் தொடங்கியது ஜேஆர் ஈஸ்ட் என்ற ரயில் கம்பெனி. 2018 கடைசியில் சோதனை பார்த்துவிட்டு, 2019 ஆகஸ்டில் 'ஸ்டேஷன் வொர்க்' என்ற பெயரில் முறையாக ஆரம்பித்தார்கள். டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், ஜேஆர் சென்ட்ரல் என்ற இன்னொரு கம்பெனியுடையது. அவர்கள் தங்கள் பங்குக்கு 'எக்ஸ்பிரஸ் வொர்க்' என்று பூத்தும் லவுஞ்சுமாக வைத்திருக்கிறார்கள். 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியார் கம்பெனிகளாக்கியதன் விளைவு, ஒரே டோக்கியோ ஸ்டேஷனில் இரண்டு கம்பெனி, இரண்டு வகை பூத், இரண்டு தனித்தனிப் பதிவு. நடைமேடைகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடு எங்கேயும் இப்படித்தான் போல.

கொரோனாவால்தான் இதெல்லாம் வந்தது என்று இங்கேயே பலர் நினைக்கிறார்கள். தேதியைப் பார், அதற்கு முன்பே வந்துவிட்டது. அசல் காரணம் வேலைநேரச் சட்டம். ஓவர்டைமுக்கு மாதம் 45 மணிநேரம் என்று பொதுவான வரம்பு வைத்து 2018இல் சட்டம் போட்டு, 2019 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகளில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை வெளியூர் போன சேல்ஸ்காரர் சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பி, ரிப்போர்ட் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்தத் திரும்பிவரும் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் ஸ்டேஷனிலேயே உட்கார ஓர் இடம் வேண்டும். காபிக்கடையில் உட்காரலாமே என்பாய். எங்கள் கம்பெனியில் காபிக்கடையில் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது. பக்கத்து மேஜைக்காரர் கண்ணில் கஸ்டமர் பெயர் பட்டுவிடுமாம்.

இன்னொரு காரணம்தான் எனக்கு ரொம்பச் சுவாரசியம். இங்கே ரயிலில் யாரும் போனில் பேசுவதில்லை. போனைச் சைலன்ட்டில் போடுங்கள், பேச வேண்டுமானால் பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் இடத்துக்குப் போங்கள் என்று அறிவிப்பு வரும், எல்லோரும் கேட்கவும் செய்வார்கள். கதவோரம் நின்றுகொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கஸ்டமருக்குக் குனிந்து குனிந்து வணக்கம் போடும் ஆட்களை எந்த ஷின்கான்செனிலும் பார்க்கலாம். வீடியோ மீட்டிங் பழக்கமான பிறகு அதற்கு அந்த இடமும் போதவில்லை. ஆக, இவர்கள் காசு கொடுப்பது நாற்காலிக்கும் மேஜைக்கும் இல்லை, குரலை உயர்த்திப் பேசும் உரிமைக்கு. நான் உன்னோடு சத்தமாகச் சிரித்ததும் அந்தக் காசில்தான்.

ஆனால் சட்டம், நாகரிகம் எல்லாம் இருந்தும், ரயில் இவ்வளவு அடிக்கடியும் நேரம் தவறாமலும் ஓடாவிட்டால் இந்த பூத் பிழைத்திருக்காது. யோசித்துப் பார். இந்தப் பாதையில் மிக வேகமான ஷின்கான்சென் 'நோசோமி'. 2020 மார்ச்சிலேயே, கூட்ட நேரத்தில் ஒரு மணிநேரத்துக்குப் பன்னிரண்டு நோசோமி வரை ஒரு திசையில் விட முடிந்தது. ஒவ்வொன்றிலும் பதினாறு பெட்டி, 1,323 இருக்கை. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டைக் கிளம்பும் நேரம் வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. மீட்டிங் இழுத்துவிட்டால் பூத்தில் இன்னொரு பதினைந்து நிமிடம் நீட்டிக்கொண்டு, அதே போனில் அடுத்த ரயிலுக்கு மாறிக்கொள்வேன். ரயிலும் ஏமாற்றாது, சராசரித் தாமதம் ஒன்றிரண்டு நிமிடம். எத்தனை நிமிடம் கையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அதை வாடகைக்கு விடவும் முடியும், எடுக்கவும் முடியும். வண்டி எப்போது வரும் என்று தெரியாத ஸ்டேஷனில் இப்படி ஒரு பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்?

(வருடக் கடைசி, மே மாத விடுமுறை, ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகைச் சமயத்தில் மட்டும் இந்தக் கதை நடக்காது. அப்போது நோசோமியில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான், மாற்றலாம் என்று பார்த்தால் இடமே இருக்காது.)

இனி என் புலம்பல். 1964 அக்டோபர் 1ஆம் தேதி இந்தப் பாதை திறந்தபோது டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாகாவுக்கு நாலு மணிநேரம். அடுத்த வருடமே மூன்று மணி பத்து நிமிடமாக்கினார்கள். 1992இல் நோசோமி வந்தது, மணிக்கு 270 கிலோமீட்டர். 2015இல் 285. இப்போது இரண்டு மணி இருபது நிமிடச் சொச்சம். ஒவ்வொரு நிமிடத்தையும் குறைக்க இஞ்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குறைத்த நேரம் பயணியிடம் தங்கியதா? ஒசாகாவில் ஒரு ராத்திரி தங்கியிருக்கக்கூடிய ஆள் அன்றைக்கே திரும்ப வேண்டியதானது. அவ்வளவுதான் லாபம். இப்போது மிச்சமிருக்கும் காத்திருப்பு நேரத்தையும் துண்டுபோட்டு நமக்கே விற்கிறார்கள்.

திரும்பும் பயணமாவது கொஞ்ச நாள் முன்புவரை நம்முடையதாக இருந்தது. சாயங்கால ஷின்கான்செனில் ஏறியதும் டையைத் தளர்த்திவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, பீர் கேனைத் திறக்கும் ஆபீஸ்காரர்களின் முகத்தைப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம். 2021 அக்டோபரில் நோசோமியில் ஏழாம் பெட்டியை வேலை செய்பவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அதில் கீபோர்டு தட்டலாம், இருக்கையிலிருந்தே மெதுவாக மீட்டிங் பேசலாம். கூடுதல் காசு கொடுத்தால் நடு இருக்கையில் தடுப்பு வைத்த இடமும் கிடைக்கும். இதற்கு நடுவில் 2023 அக்டோபரோடு தள்ளுவண்டி வியாபாரத்தை நோசோமியில் நிறுத்திவிட்டார்கள். பீர் விற்ற வண்டி போனது, மீட்டிங் வந்தது! இரண்டுக்கும் சம்பந்தமில்லை, அது ஆள் பற்றாக்குறையால் நின்றது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கட்டும், எனக்கு இரண்டும் ஒரே வழக்குதான்.

எங்கள் மேனேஜர் இப்போதெல்லாம் "எத்தனை மணிக்கு ரயில்?" என்று கேட்பதில்லை. "ஸ்டேஷனில் பூத் கிடைக்குமா?" என்றுதான் கேட்கிறார். வாடகையைக் கம்பெனி கட்டுகிறது, அதனால் முடியாது என்று சொல்ல வாயும் இல்லை. அதே சமயம், ஒரு நாள் நகோயாவில் கஸ்டமர் ஒப்பந்தத்தின் விலை விவரத்தைப் பேச வேண்டி வந்தபோது, அந்தக் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது பெரிய உபகாரம். ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை.

கோயம்புத்தூர் ஜங்ஷனில் இப்படி ஒன்று வைத்தால் ஓடுமா என்று கேட்டிருந்தாய். உன் ஊர் வந்தே பாரத்தையே எடுத்துக்கொள். 2023 ஏப்ரலில் தொடங்கியது, சென்னை வரை ஏறக்குறைய டோக்கியோ–ஒசாகா தூரம், ஆறு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் பத்து நிமிடத்தில் இன்னொன்று வராது. அதனால் நீ ஸ்டேஷனில் பதினைந்து நிமிடத்தைச் செலவழிக்க மாட்டாய், ஆட்டோ பிடித்து முன்கூட்டியே வந்து மூச்சு வாங்குவாய். உனக்குத் தேவை ரயிலுக்குள்ளேதான். பக்கத்து இருக்கையில் ஒருவர் தன் கம்பெனி வரிக்கணக்கைப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி பேசினார் என்று போன தடவை எழுதினாயே, அந்த மாதிரி ஆளை அடைக்க ஒரு பூத் இருந்தால் நானே வாடகை கட்டுவேன். ஷின்கான்சென் தொழில்நுட்பத்தில் வரும் மும்பை–அகமதாபாத் பாதை வேறு விஷயம். 508 கிலோமீட்டர், பன்னிரண்டு ஸ்டேஷன். அங்கே ரயில் அடிக்கடி ஓட ஆரம்பித்தால் இந்த பூத்தும் பின்னாலேயே வரும் என்று நினைக்கிறேன். உன்னிடம் கணக்குப் பார்க்க வரும் கிளையன்ட் யாராவது முதலீடு செய்ய யோசித்தால், முதலில் ரயில் அட்டவணையைப் பார்க்கச் சொல், அப்புறம் பெட்டி விலையைக் கேட்கட்டும்.

வேறு சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. சின்னவன் தமிழில் பேசினால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்கிறான். நிஷிகசாய் பக்கம் நம்மூர் மளிகைச் சாமான் எல்லாம் கிடைக்கிறது, சுண்டைக்காய் வற்றல் உட்பட. டிசம்பர் கடைசியில் ஊருக்கு வருகிறோம். உனக்கு அப்போது ஆடிட் ஏதும் இருந்தால் தேதியை இப்போதே எழுது, அதற்கேற்ற மாதிரி கோயம்புத்தூர் டிக்கெட்டைப் போட்டுக்கொள்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி

பி.கு.: கிரீன் டீ மிட்டாய் எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் பெண் எனக்குத் தனியாக மெசேஜ் போட்டு, எந்த பிராண்டு என்று படத்தோடு அனுப்பியிருக்கிறாள்.