தன்னார்வலர்களுக்குச் சான்றிதழ் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985-ஆம் ஆண்டு எடுத்த முடிவின்படி, டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2026-ஐப் பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாகவும் அச்சபை அறிவித்துள்ளது. இதையொட்டிப் பல தொண்டு நிறுவனங்கள் பாராட்டு விழா நடத்தும். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 9 ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருந்துவரும் எனக்கு, எஞ்சிய நாட்களில் எங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதே முக்கியமாகப் படுகிறது.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருவது என் பணி. முதல் 7 மாதங்கள் நான் அனுப்பிய பதிவுகள் யாரைச் சென்றடைந்தன, என் வாசிப்பு வேகம் சரிதானா, வரைபடங்களை நான் விளக்கிய விதம் புரிந்ததா என எதுவுமே தெரியாமல், விட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்திருந்தேன். அச்சமயம் புதிதாகப் பொறுப்பேற்ற ஒருங்கிணைப்பாளர், மாணவி ஒருவர் எழுதிய குறிப்பை எனக்கு அனுப்பினார். அட்டவணையை வாசிக்கத் தொடங்குமுன் அதில் எத்தனை பத்திகள், அவற்றின் தலைப்புகள் என்ன என்று சொல்லிவிட்டால் பின்தொடர எளிதாக இருக்கும் என்று அதில் கேட்டிருந்தார். அது பாராட்டன்று, திருத்தம். ஆயினும் என் குரலுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அந்த இரண்டு வரிகள்தாம் எனக்கு உணர்த்தின. அன்றிலிருந்து ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

'நேரமில்லை' என்று சொல்லி விலகுபவர்களில் பலர், வரச்சொன்ன நாளில் வேலை எதுவும் ஒதுக்கப்படாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவர்கள் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். பயணச் செலவைத் திருப்பித் தராத இடங்களில் வருமானம் குறைந்தவர்கள் மெல்ல நின்றுவிடுகிறார்கள். தொண்டு செய்வதும் வசதியுள்ளோர்க்கே உரியது என்றாகிவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு! மரணப் படுக்கையில் இருப்போருக்குத் துணையிருப்பவர்கள் தம் மனச்சுமையை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். ஓய்வு கேட்பவரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்காமல், அன்போடு அனுப்பிவைக்கவும் வேண்டும்.

இவற்றைக் கவனிக்கச் சம்பளம் பெறும் ஒருங்கிணைப்பாளர் ஒருவராவது தேவை. தன்னார்வலருக்கு ஊதியம் இல்லையே தவிர, அவர்களுக்குப் பயிற்சியளித்து வழிநடத்தச் செலவு உண்டு. நன்கொடையாளர்கள் பலர் இதை 'நிர்வாகச் செலவு' என்று ஒதுக்கிவிடுவதால், ஒருவரே கணக்கும் எழுதி, நிதியும் திரட்டி, 50 தன்னார்வலர்களையும் கவனிக்க வேண்டியதாகிறது. அவரால் யாருக்குத்தான் பதில் சொல்ல முடியும்? நன்கொடை தருவோர் இச்செலவுக்கெனத் தனியே ஒரு பகுதியை ஒதுக்க வேண்டுகிறேன்.

நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இவ்வாண்டு விழா அழைப்பிதழ் அச்சிடும் முன், கடந்த ஆண்டு சொல்லாமல் நின்றுவிட்டவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேளுங்கள்.

இப்படிக்கு,
தன்னார்வலர் ஒருவர்